அத்தை வந்திருக்காவ

வளைகாப்பு முடிந்து சீவலப்பேரியில் அம்மா வீட்டுக்கு வந்த அன்றே கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். சத்தம் பொறுக்கவில்லை. ஒரு வளையல் இன்னொன்றோடு உரசுகிற சின்னச் சத்தம்கூட மண்டைக்குள் போய் நின்றது. பிள்ளைத்தாச்சி வெறுங்கையோடு இருக்கக் கூடாது என்று அம்மா திட்டித் திரும்பவும் மாட்டிவிட்டாள். அவள் அடுப்படிக்குப் போனதும் மறுபடி கழற்றினேன்.

அதற்கு முன்னால் நான் அப்படிப்பட்டவள் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தேன். நான் சிரித்தால் மூன்றாவது அறைக்குக் கேட்கும் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். அந்தக் கடைசி மாதங்களில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். அரிசி களையும்போது அழுகை வரும். காரணம் கேட்டால் எனக்கே தெரியாது. அம்மா அதை மசக்கை என்றாள், அப்புறம் சூடு என்றாள், கடைசியில் சோம்பல் என்றாள்.

பிள்ளை ஆபரேஷனில் பிறந்தது. பெண். நர்ஸ் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் முகத்துக்குப் பக்கத்தில் காட்டினாள். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு என் பங்கு முடிந்துவிட்டது, இனி யாராவது இதைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாரும் கொண்டுபோகவில்லை. அது என் பக்கத்திலேயே கிடந்து அழுதது.

வீட்டுக்கு வந்ததும் பூண்டுக் குழம்பும் மருந்து உருண்டையுமாக அம்மா கவனித்தாள். நேரம் தவறாமல் பாலுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து போட்டாள். பார்க்க வந்த பொம்பளைகள் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு என்னைப் பார்த்து, “என்ன இப்படி முகத்தத் தூக்கி வச்சிருக்கா? பொட்டப் பிள்ளன்னு வருத்தமா?” என்றார்கள். வருத்தம் அதற்காக இல்லை. மேல்வீட்டுக்காரி ஒருத்தி, “பிள்ளையில்லாம தவங்கிடக்கா ஒருத்தி, இவளுக்குக் கெடச்சும் கொண்டாடத் தெரியல” என்றாள். அவள் சொன்னது என் மைனியை, அதாவது என் வீட்டுக்காரரின் அக்காவை. சாத்தான்குளத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி வெகுகாலமாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரிகள், கோவில்கள் எல்லாம் ஏறி இறங்கி ஓய்ந்தவள்.

தினமும் காலையில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் குளிப்பாட்டுவாள். நான் தண்ணீர் மோந்து கொடுக்க வேண்டும். ஒருநாள் குத்துப்போணியில் தண்ணீரோடு நிற்கும்போது, இந்தத் தண்ணீரில் இதன் முகம் கவிழ்ந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு நினைப்பு வந்தது. நான் கூப்பிடாமல், வேறு யாரோ என் காதில் சொன்னதுபோல வந்தது. போணியைக் கீழே போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அந்த நினைப்பு வேறு வேறு வடிவத்தில் வந்துகொண்டே இருந்தது. அரிவாள்மனையைப் பார்த்தால் வரும். கிணற்றைப் பார்த்தால் வரும். ஆற்றுப் பக்கத்திலிருந்து காற்று வந்தாலே வரும். எனக்குப் பிள்ளையின்மேல் கோபம் இல்லை. என் கைகளைக் கண்டுதான் பயம்.

எப்படியாவது அதைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். ஒரு மத்தியானம், பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

“யம்மா, இவள என்கிட்ட தனியா விட்டுட்டுப் போவாத. ஆத்துல கொண்டு போட்ருவனோன்னு பயமா இருக்கு.”

அம்மா முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு ஓங்கி ஓர் அறை விட்டாள். ஆபரேஷன் தையல்வரைக்கும் வலித்தது.

“பெத்தவ பேசுத பேச்சாட்டி இது? கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?”

கோட்டி. பைத்தியம் என்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் சொல். அந்தச் சொல் ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால் திரும்பிப் போகாது. அம்மா பயந்துபோனாள். அந்தப் பயத்தில் என் மாமியாருக்குப் போன் போட்டு நான் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டாள். ‘பயமா இருக்கு’ என்று நான் சொன்னது மட்டும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. ‘ஆத்துல போட்ருவேன்’ என்பது மட்டும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காரில் வந்தார்கள். மாமியார், என் வீட்டுக்காரர், மைனி. மைனி கையில் ஒரு கூடை இருந்தது. அதில் புதுத் துண்டு, பிளாஸ்க், பால் புட்டி, பால்பவுடர் டின். எல்லாம் வாங்கித் தயாராகத்தான் வந்திருந்தாள். என் வீட்டுக்காரர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, “கொஞ்ச நாளைக்குத்தான். நீ தேறிக்கிட்டதும் கொண்டாந்துரலாம்” என்றார். ஒரு தனியார் பள்ளியில் பிசிக்ஸ் வாத்தியார் அவர். பேசும்போது என் கண்ணைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தார்.

“தாய்ப்பால் குடிக்குத பிள்ள” என்று அம்மா ஒரு தடவை சொன்னாள்.

“ஆத்துத் தண்ணி குடிக்குததுக்கு பவுடர்ப் பால் தேவல” என்றாள் மாமியார்.

பிள்ளையைத் தூக்கி மைனியிடம் கொடுத்தவள் அம்மாதான். மைனி வாங்கியபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அழ வேண்டிய இடத்தில் சந்தோஷம் வந்துவிட்டதால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. சத்தம் குறையும் என்று மட்டும் தோன்றியது.

உடம்புக்கு அது தெரியவில்லை. மார்பில் பால் கட்டிக் கல்லாகிக் காய்ச்சல் கண்டது. பால் வற்ற வேண்டும் என்று அம்மா கூடை நிறையப் பிச்சிப்பூ வாங்கிவரச் செய்து, மார்பின்மேல் பரப்பித் துணியால் இறுக்கிக் கட்டினாள். பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூ வைப்பாள். கல்யாண வீட்டு வாசனை. அதற்குள் புளித்த பாலின் நாற்றம். அப்படியே நான் கிடந்தேன். இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது பிச்சிப்பூ வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தால் நான் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவேன்.

தடுப்பூசிக்குக் கூப்பிட வந்த நர்ஸம்மா, “பிள்ளை எங்க?” என்று கேட்டாள். அம்மா மழுப்பினாள். நர்ஸம்மா உள்ளே வந்து என்னைப் பார்த்துவிட்டு வெளியே போய் அப்பாவிடம் ஏதோ சொன்னாள். என் அப்பா சம்சாரி. வயலையும் மாட்டையும் தவிர வேறெதையும் பற்றி நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச மாட்டார். மறுநாள் காலையில் வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு வந்து, “கெளம்பு தாயி” என்றார். டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் என்னை உட்கார வைத்து, பாளையங்கோட்டையில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். பெண் டாக்டர். இது பிள்ளை பெற்றவர்களுக்கு வருகிற நோய்தான், குணமாகிவிடும் என்றார். மாத்திரை எழுதினார். பிள்ளையை இப்படிப் பிரித்து வைக்க வேண்டியதில்லை, எந்நேரமும் கூட ஓர் ஆள் இருந்தால் போதும் என்றும் சொன்னார்.

அப்பா வெளியே வந்து மருந்துக்கடை வாசலில் நின்றபடியே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அதைச் சொன்னார். போன் கைமாறி மாமியார் பேசினாள். அப்பாவின் போனில் சத்தம் அதிகம், எனக்கும் கேட்டது.

“கோட்டி வைத்தியம் பாக்குதவ சொல்லுதான்னு பச்சப் பிள்ளையத் தூக்கிக் குடுக்கவா அண்ணாச்சி? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பதில் சொல்லுவா?”

அப்பா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “டீ குடிக்கியா?” என்று கேட்டார்.

மாத்திரை வேலை செய்யப் பல வாரம் ஆனது. ஒருநாள் ரசத்தை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தபோது மிளகு உறைத்தது. அதுவரை எல்லாம் ஒரே ருசியாக, ருசியே இல்லாமல் இருந்தது. இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன். அம்மா கரண்டியோடு நின்று அழுதாள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. தூக்கம் வந்தது, குளிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது, டிவியில் எதையோ பார்த்துச் சிரிப்புக்கூட வந்தது. எல்லாம் வந்த பிறகு கடைசியாகப் பிள்ளை வேண்டும் என்ற ஆசை வந்தது. நோயாகக் கிடந்தபோது அவள் இல்லாதது எனக்கு வலிக்கவில்லை. குணமான பிறகுதான் வலித்தது.

பாளையங்கோட்டையில் என் வீட்டுக்காரர் வீட்டுக்குத் திரும்பினேன். பிள்ளையை எப்போது கூட்டிவரலாம் என்று கேட்கும்போதெல்லாம், “அக்கா இப்பம்தான் பிள்ளைக்கு ஒரு நேரம் பழக்கியிருக்கா, கொஞ்ச நாள் போவட்டும்” என்றார். வற்புறுத்தியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வரலாம் என்று கூட்டிப்போனார்.

சாத்தான்குளத்தில் அவர்களுக்கு முன்பக்கம் ஹார்டுவேர் கடை, பின்பக்கம் வீடு. உள்ளே நுழைந்தபோது என் மகள் பாயில் தவழ்ந்துகொண்டிருந்தாள். கொழுத்திருந்தாள். கண்ணில் மை, இடுப்பில் வெள்ளி அரைஞாண். மைனி அவளைத் தூக்கி என் பக்கம் திருப்பினாள்.

“யாரு வந்திருக்கா பாரு. அத்தை வந்திருக்காவ. அத்தைக்குக் கைகுடு.”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். மைனிக்குப் பிள்ளை என்றால், தம்பி பெண்டாட்டியாகிய நான் அந்தப் பிள்ளைக்கு அத்தைதான். உறவுமுறையில் ஒரு பிசகும் இல்லை.

கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னாள். கழுவிவிட்டு வந்து தூக்கினேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள், உதடு பிதுங்கியது, வீரிட்டு அழுதாள். மைனி ஓரடி தள்ளி இரண்டு கையையும் நீட்டியபடியே நின்றாள். நான் கொடுக்கும்வரை அந்தக் கைகள் இறங்கவில்லை. கொடுத்ததும் அழுகை நின்றது.

அடுப்படியில் நானும் அவளும் மட்டும் இருந்தபோது, “மைனி, பிள்ளைய நான் கூட்டிட்டுப் போவணும். எனக்கு நல்லாயிட்டு” என்றேன்.

அவள் மீனுக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸியை நிறுத்திவிட்டுப் பைய, நிதானமாகச் சொன்னாள்.

“நல்லாயிட்டுல்லா? அப்பம் நீ இன்னொண்ணு பெத்துக்கிடுவ. எனக்கு இனிமே ஆவாது. நீதான ஆத்துல போடப் போறேன்னு சொன்னது? போட்டாச்சின்னு நெனச்சுக்க.”

பிறகு மிக்ஸியைத் திரும்பப் போட்டாள். மத்தியானம் எனக்குப் பெரிய துண்டாகப் பார்த்து மீன் வைத்தாள்.

அதற்குப் பிறகு பல தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் அத்தைதான். பிள்ளை பேசத் தொடங்கியபோது மைனியை அம்மா என்றாள். என்னைப் பார்த்துத் ‘தை’ என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

காது குத்து மாமியார் வீட்டுச் சாஸ்தா கோவிலில் நடந்தது. பனங்காட்டுக்குள் இருக்கிற கோவில். என் அம்மாவையும் அப்பாவையும் விருந்தாளிகள்போல அழைத்திருந்தார்கள். நான் பந்திக்கு இலை நறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது, ஆசாரி கம்பியோடு உட்கார்ந்துவிட்டார். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. சித்தப்பா மகன் ஒருத்தன் அதற்காகவே வேட்டி கட்டி வந்து ஓரமாக நின்றான். ஆனால் மணையில் உட்கார்ந்திருந்தது என் வீட்டுக்காரர். தலையில் மாமன் உருமால் கட்டியிருந்தார்கள். மைனி தாயாக அவர் பக்கத்தில் பட்டுச்சேலையில் நின்றாள். அவளுக்குக் கூடப்பிறந்த தம்பி அவர்தானே. என் மகளைப் பெற்ற அப்பா, என் மகளுக்குத் தாய்மாமனாக உட்கார்ந்திருந்தார்.

மாமியார் என்னைப் பார்த்துவிட்டு, “ஒனக்குத்தான் அண்ணன் தம்பி கெடையாதே. அதான் இவன உக்கார வச்சோம்” என்றாள்.

கம்பி இறங்கியது. பிள்ளை கத்தினாள். என் வீட்டுக்காரர் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “முடிஞ்சிட்டு, முடிஞ்சிட்டு” என்றார். இரண்டாவது காதும் முடிந்தது. மைனி சர்க்கரை எடுக்கத் தாம்பாளத்தின் பக்கம் குனிந்தாள். நான் போய் அவர் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கினேன். அவர் கையை எடுத்துவிட்டார். அவர் எனக்குச் செய்த ஒரே உதவி அதுதான்.

தூக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் திருடுகிற மாதிரி இருக்கும். பின்னால் மாமியாரின் சத்தமும் யார் யாரோ கூப்பிடுகிற சத்தமும் கேட்டது. மைனி மட்டும் கூப்பிடவில்லை, செருப்பில்லாமல் சுடுமணலில் ஓடி வந்தாள். மினிபஸ் ஒன்று வந்தது. ஏறினேன். அப்பா பின்வாசல் வழியாக ஏறியிருந்தார், பிறகுதான் பார்த்தேன். பிள்ளை ஜன்னலுக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டி “ம்மா, ம்மா” என்று அலறினாள். மைனி பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தாள். “நிப்பாட்டவா?” என்று கண்டக்டர் கேட்டார். “வேண்டாம்” என்றேன்.

என் மகளிடமிருந்து அம்மாவைப் பிரிப்பது அது இரண்டாம் முறை. தெரிந்தேதான் செய்தேன்.

சீவலப்பேரியில் வாரக்கணக்கில் அவள் அழுதாள். வாசல் கதவைப் பிடித்து நின்று மைனியைக் கூப்பிட்டாள். பாலைத் தட்டிவிட்டாள். பக்கத்தில் போனால் என் முகத்தில் அறைந்தாள். காது சீழ் வைத்தது. மருந்து போட அம்மா பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. “பிள்ள செத்துரும்ட்டி, கொண்டு விட்டுரு” என்று அம்மாவே சொன்னாள். நான் விடவில்லை. என் சேலையைக் கிழித்துத் தொட்டில் கட்டினேன், அதில் தூங்கவில்லை. தரையில் அழுது அழுது ஓய்ந்து தூங்கியபோது பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வேன். விழித்ததும் என்னைப் பார்த்து மறுபடி தொடங்குவாள். பிறகு ஒருநாள் பசி தாங்காமல் என் கையிலிருந்த இட்லித் துண்டை வாங்கித் தின்றாள். என்னைப் பிடித்ததால் இல்லை, பசி. எனக்கு அது போதுமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் வந்து நின்றார். “அக்கா சாப்பிட மாட்டேங்கா” என்றார்.

“ஒங்களுக்கு மக வேணும்னா இங்கன வாங்க. மருமகதான் வேணும்னா சாத்தான்குளத்துக்குப் போங்க” என்றேன்.

அவர் சாத்தான்குளத்துக்குப் போகவில்லை. மாமியார் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். நாங்கள் மூன்று பேரும் பாளையங்கோட்டை வீட்டில் இருக்கத் தொடங்கினோம். அவரோடு இன்றுவரைக்கும் வாழ்கிறேன். மாமன் உருமாலோடு அவர் உட்கார்ந்திருந்ததை ஒரு நாளும் மறந்ததில்லை.

சில மாதம் கழித்து மாமியார் தனியாக வந்தாள். என் மகள் அவளைப் பார்த்து என் பின்னால் ஒளிந்துகொண்டாள். மாமியார் அழுதாள். மைனி குளிப்பதில்லை, தலை சீவுவதில்லை, தொட்டில் கட்டியிருந்த கொக்கியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறாள் என்றாள். “ஒரு மாசத்துக்காவது பிள்ளையக் குடு. இல்லன்னா அவ பொழைக்க மாட்டா.”

“டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க அத்தை. மாத்திரை தருவாவ” என்றேன்.

“என் மக என்ன கோட்டியா?”

மாமியாருக்குச் சோறு போட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போனாள். கதவை அடைத்தபோது எனக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது. அது சந்தோஷம்தான், வேறு பெயர் சொல்ல முடியாது.

என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சாத்தான்குளத்தில் இருந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. விசேஷங்களுக்குப் போவோம், அன்றைக்கே திரும்பிவிடுவோம். மைனி வெகுவாக மெலிந்துபோயிருந்தாள். பிள்ளையை அவள் தொட மாட்டாள். தூர நின்று சாப்பிடுகிறாளா என்று மட்டும் பார்ப்பாள். போன வருஷம் ஒரு தடவை, நான் கைகழுவக் கொல்லைப்பக்கம் போனபோது பின்னாலேயே வந்தாள்.

“நீ அந்த மாத்திரைய இப்பமும் சாப்பிடுதியா?”

“இல்ல மைனி. எப்பமோ நிப்பாட்டிட்டாவ.”

குழாயை இறுக்கி மூடினாள். “எனக்கு வாங்கித் தாரியா? இங்கன ஆருக்கும் தெரியாம.”

சும்மா வாங்க முடியாது, டாக்டர் பார்க்க வேண்டும் என்றேன். திருநெல்வேலியில் சேலை எடுக்க வேண்டும் என்று அவள் வீட்டில் சொல்லி, நான் கூட்டிவந்தேன். அதே டாக்டர்தான். அறைக்குள் என்னையும் இருக்கச் சொன்னாள் மைனி. பசி எப்படி, தூக்கம் எப்படி என்று டாக்டர் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் தரையைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

“குழந்தைங்க எத்தனை பேர்?”

மைனி தலையை நிமிர்த்தினாள். “ஒரு பொம்பளப் பிள்ள இருந்துது” என்றாள்.

டாக்டர் எழுதப் போனார். “இல்ல டாக்டர்” என்றேன் நான். “அவியளுக்குப் பிள்ளை கெடையாது.”

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மைனி மறுபடி தரையைப் பார்த்தாள். மாத்திரை வாங்கிக்கொண்டு, பொய்யாகிவிடக் கூடாதே என்று ஒரு சேலையும் எடுத்துக்கொண்டோம். நீல நிறத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். பஸ் ஏற்றிவிட்டபோது சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அவளே தனியாக வந்து டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகிறாள். என் வீட்டுக்கு வருவதில்லை. தேறிக்கொண்டு வருகிறாள், கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கிறாள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். வீட்டில் தைராய்டு மாத்திரை என்று சொல்லியிருக்கிறாளாம்.